வரிசை மீறிய வயிறு

கர்ப்பமானதற்காக சிகுசா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம், காப்பகத்தின் செருப்பு அலமாரிப் பக்கம், குழந்தைகளின் குட்டி ரப்பர் பூட்ஸ்களுக்கு நடுவே நின்று, இடுப்பு வரை குனிந்து கேட்டாள்.

"உன் முறைக்கு முன்னாடி போயிட்டேன், தமாகி. தப்பு தான்."

எனக்குப் புருஷன் கிடையாது. காதலன் என்று ஒருத்தன் இருந்தான். அவனைப் போன வருடம் அவன் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பெற்றுக்கொள்ளும் வரிசையில் எனக்கு இரண்டாவது இடம். வயதுப்படி ஃபுயுகா முதலில், அடுத்து நான், எனக்கு அடுத்து சிகுசா. ஆகவே நான் பெறாத, பெற உத்தேசமும் இல்லாத ஒரு பிள்ளையை முந்திக்கொண்டு போன குற்றத்துக்காக அவள் என் முன்னால் வளைந்து நின்றாள். நிமிர்த்திவிட்டு, "பெத்துத் தொலைடி" என்றேன். அந்த மன்னிப்பு அத்துடன் முடிந்தது. கஷ்டமான மன்னிப்பு இன்னொன்று பாக்கி இருந்தது.

இந்த வரிசை எங்கேயும் எழுதி வைக்கப்பட்டதில்லை. எழுதினால் அது சட்டவிரோதம். எழுதாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அது ஒழுக்கம். ஒரு நேரத்தில் ஒருத்தி தான் பிரசவ விடுப்பில் போகலாம். இரண்டு பேர் போனால் ஒரு வயதுக் குழந்தைகளைப் பார்க்க ஆள் இருக்காது. அதனால் கர்ப்பமாக ஒவ்வொருத்திக்கும் ஒரு வருடம். ஏப்ரலில் முறை திறக்கும், மார்ச்சில் மூடும். கூடுதலாக ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் என்ன என்று நான் ஒரு தடவை கேட்டேன். மீட்டிங் நடுவே எழுந்து சட்டையைக் கழற்றியவளைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா மீன் கேக் ஆலையில் காலம் முழுக்க நின்றவள். அங்கே யாரும் பிள்ளை பெற வரிசையில் நின்றதில்லையாம். "அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்ப்பாள்.

எங்கள் காப்பகத் தலைவியை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். பெரிய டீச்சர் சிகுசாவைத் திட்டவில்லை. எங்கள் ஊர் தொயாமாவில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. அது தான் இங்கே பயப்பட வேண்டிய விஷயம். அவளையும் அவள் புருஷனையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, சும்மா இருந்தார். அந்த மனுஷன் அடுத்தவர் காரில் கீறல் போட்டவன் மாதிரி குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டானாம். கடைசியில் பெரிய டீச்சர் சொன்னது இது: "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. இது ஃபுயுகா டீச்சரோட முறை. அவங்க மனசார ஒத்துக்கிட்டா சரி. இல்லேன்னா நீங்களே யோசிச்சு, திங்கக்கிழமைக்குள்ள நல்ல முடிவா எடுங்க."

நல்ல முடிவு என்றால் மார்ச்சோடு வேலையை விட்டுப் போவது. இதைச் சொன்னபோது அவர் தலைக்கு மேல் அரசாங்கச் சுவரொட்டி ஒன்று இருந்திருக்கும். வயிற்றைத் தடவிச் சிரிக்கிற பெண். வேலையும் தாய்மையும் உங்கள் உரிமை என்று பெரிய எழுத்தில். அதை ஒட்டியவள் நான் தான், ஏணி பிடித்தவள் ஃபுயுகா.

வேலையை விட்டால் சிகுசாவின் பிள்ளைக்கு எந்தக் காப்பகத்திலும் இடம் கிடைக்காது. வேலைக்குப் போகிற தாய்மார்களுக்குத் தானே இடம். ஆக, திங்கட்கிழமைக்குள் ஃபுயுகா வாயிலிருந்து ஒரு "சரி" வர வேண்டும். தனியாகக் கேட்க சிகுசாவுக்குத் தைரியம் இல்லை. சனிக்கிழமை ரிஹோ டோக்கியோவிலிருந்து வருகிறாள், நாலு பேரும் சாப்பிடப் போகிறோம், அங்கே வைத்துக் கேட்கிறேன் என்றாள்.

நாலு பேரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. மூன்று பேர் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கப் போனோம். ரிஹோ மட்டும் டோக்கியோவில் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்து, எங்கள் பேச்சுவழக்கை ரயிலிலேயே மறந்துவிட்டு வருகிறவள். கடையையும் அவள் தான் பிடித்தாள். துறைமுகத்து மீன் நேராக வந்து இறங்குகிற இசகாயா, அதாவது சாப்பாடும் குடியும் சேர்ந்த கடை. பனிக்காலத்துப் புரி மீனைப் பச்சையாகத் தின்னாமல் திரும்பிப் போக மாட்டாளாம். பச்சை மீனும் தொடக்கூடாத, மதுவும் தொடக்கூடாத ஒருத்தி தன் கர்ப்பத்தை மறைத்து வைத்து, பக்குவமாக எடுத்துச் சொல்ல, இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் கிடைக்காது.

வெளியே பனி கொட்டியது. உள்ளே புகை, சோயா வாசனை, ஆபீஸ்காரர்களின் சிரிப்பு. தாழ்ந்த மேஜையைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்ததும் ரிஹோ விரலை உயர்த்தி, "மொதல்ல நாலு பீர்" என்றாள். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

"எனக்கு ஊலாங் தேநீர்," என்றாள் சிகுசா. "கார் ஓட்டணும்."

"காரா? நம்ம எல்லாரும் ஒண்ணா டிராம்ல தானேடி வந்தோம்?" என்றாள் ரிஹோ.

"கார் ஸ்டேஷன்ல நிக்குது."

"டிராம் ஸ்டேஷன்லேர்ந்து தானே வருது. அப்ப ஏன் டிராம்ல வந்த?"

"பனில கார் ஓட்ட பயமா இருந்துச்சு."

"திரும்பிப் போறப்ப பனி நின்னுடுமா?"

சிகுசா என்னைப் பார்த்தாள். மூன்று நாள் யோசித்துக் கண்டுபிடித்த பொய் அது. "அவளுக்கு வயிறு சரியில்ல, விடு" என்றேன். அது பொய்யும் இல்லை. ஃபுயுகா சூடான துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபுயுகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எல்லோரிலும் நல்லவள். கல்லூரியில் அவள் குறிப்பெடுப்பாள், நாங்கள் பிரதி எடுப்போம். எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் பரிமாறுவது அவள். யாருக்கு எலுமிச்சை பிடிக்காது, யாருக்கு இஞ்சி வேண்டும் என்று மண்டைக்குள் வைத்திருப்பாள். கல்யாணம் ஆனதும் பெரிய டீச்சர், "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க" என்றபோது, "புரியுது" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரின் பிரசவத்துக்கும் பரிசு வாங்கிக் கொடுத்தாள். போன ஏப்ரலில் அவள் முறை திறந்தது. இப்போது ஜனவரி.

பீர் வந்தது. மூன்று பீரும் ஒரு தேநீரும் மோதிக்கொண்டன. மரப்படகு ஒன்றில் மீன் வந்தது. நடுவில் புரி, ஓரத்தில் வெள்ளை இறால், கணவாய், சிவப்பு சிவப்பாக நண்டுக்கால். கடைக்காரர் தானே தூக்கி வந்து வைத்தார்.

"புரி மீனுக்கு வளர வளரப் பேர் மாறுமே," என்றாள் ரிஹோ, படகைப் படம் எடுத்தபடி. "குட்டியா இருக்கறப்ப ஒரு பேரு, நடுவுல ஒரு பேரு. பதவி உயர்வு."

"குடுத்து வெச்ச மீன்," என்றேன். "நாங்க சேந்த அன்னிக்கு டீச்சர். இன்னிக்கும் டீச்சர்."

"உங்க சம்பளம்?"

"அதுவும் குட்டியா இருக்கறப்ப வெச்ச அதே பேரு."

ஃபுயுகா எச்சில் படாமல் இருக்கச் சாப்பாட்டுக் குச்சியைத் திருப்பிப் பிடித்து, நாலு தட்டிலும் மீன் வைத்தாள். சிகுசாவுக்குக் கொழுப்பான புரித் துண்டு. ஃபுயுகா அந்தப் பக்கம் திரும்பியதும் சிகுசா அதை என் தட்டுக்குத் தள்ளினாள். நான் வாயில் போட்டேன். ஃபுயுகா திரும்பினாள், சிகுசாவின் காலித் தட்டைப் பார்த்தாள், கணவாய் வைத்தாள். அதுவும் எனக்கு வந்தது. இறால் வந்தது. மறுபடி புரி. கர்ப்பம் அவளுக்கு, இரண்டு பேர் சாப்பாடு எனக்கு. அவளோ, கடையில் கேட்காமலே கொண்டுவந்து வைக்கிற குட்டிக் கிண்ணத்து ஊறுகாயையும், தட்டு அலங்காரத்து முள்ளங்கித் துருவலையும் மென்றுகொண்டிருந்தாள். மூன்றாவது முறை அவள் வயிறு கத்தியது எனக்கே கேட்டது.

"என்னடி, இன்னிக்கு நல்லா சாப்பிடறியே," என்று ஃபுயுகா அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

ரிஹோ இரண்டாவது பீருக்குப் போயிருந்தாள். கேட்கக்கூடாததைக் கேட்கிற கட்டம். "அப்புறம் ஃபுயுகா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?"

"இன்னும் இல்ல. ஆனா மார்ச் வரைக்கும் என் முறை தான்."

"என்ன முறை?"

ஃபுயுகா விளக்கினாள். ஒரு கசப்பும் இல்லாமல், பேருந்து நேரம் சொல்வது போல விளக்கினாள். ரிஹோ குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இரு இரு. புள்ள பெத்துக்க டோக்கன் போட்டிருக்காங்களா உங்க ஆபீஸ்ல?"

"டோக்கன் எல்லாம் இல்ல. ஒரு புரிதல்."

"உன் புருஷனுக்கும் புரிஞ்சிருக்கா அந்தப் புரிதல்?"

"உங்க ஆபீஸ்ல ஒரு ஆள் இல்லேன்னா ஃபைல் காத்திருக்கும், ரிஹோ. எங்க ஆபீஸ்ல ஒரு ஆள் இல்லேன்னா பதினஞ்சு புள்ளைங்க டயப்பர் மாத்தாம இருக்கும். யாராவது ஒழுங்கா நிக்கணும் இல்லியா."

"நம்ம நாட்டுல புள்ளையே பொறக்க மாட்டேங்குதுன்னு தினம் பேப்பர்ல அழறாங்க," என்றாள் ரிஹோ. "பொறக்க ரெடியா இருக்கறதை நீங்க வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கீங்க."

நான் சிரித்தேன். ஃபுயுகா சிரிக்கவில்லை. சிகுசா மெதுவாக மேஜையிலிருந்து பின்னால் நகர்ந்தாள். நகர்ந்து, கால்களை மடித்து நேராக உட்கார்ந்து, பைக்குள் கை விட்டாள். ஐயோ, இப்போதா என்று நினைத்தேன். இப்போதே தான்.

இனிப்புக் கடையின் தாள் சுற்றிய பெட்டி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பாய் மீது வைத்து, ஃபுயுகா பக்கம் நகர்த்தினாள். அது யோகான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சிவப்புப் பயறை அரைத்துச் சர்க்கரை போட்டுக் கிளறி, செங்கல் மாதிரி கட்டியாக்கிய இனிப்பு. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் அதைத் தான் வாங்குவார்கள். கனமாக இருக்குமாம், வருத்தமும் அவ்வளவு கனமாம். ஆபீஸ்காரர்கள் தப்பின் அளவுக்கேற்ற எடையில் வாங்குவதாகக் கேள்வி. சிகுசா வாங்கியது பெரிய பெட்டி.

"ஃபுயுகா. என் முறை வரதுக்கு முன்னாடி நான் கர்ப்பமாயிட்டேன். திட்டம் போட்டு இல்ல. உனக்கு முன்னாடி போனதுக்கு என்னை மன்னிச்சிடு." நெற்றி பாயைத் தொட்டது.

ரிஹோ முதலில் சிரித்தாள். வேடிக்கைக்கு நடிக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டு, பீரைப் பார்த்தாள். பக்கத்து மேஜை ஆபீஸ்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"தெரியும்," என்றாள் ஃபுயுகா.

சிகுசா நிமிர்ந்தாள்.

"தேநீர் கேட்டியே, அப்பவே தெரியும். நீ கார் வித்து ஆறு மாசம் ஆச்சு. எங்க வீட்டுக்காரரோட தம்பி தான் வாங்கினான்." குச்சியை எடுத்து, படகில் மிச்சம் இருந்த ஒரு புரித் துண்டைத் தூக்கி, சிகுசாவின் தட்டில் வைத்தாள். "எவ்ளோ நேரம் தாங்குவேன்னு பாத்தேன். தமாகி இவ்ளோ சாப்பிடுவான்னு நினைக்கல."

எங்களில் நல்லவள் என்று சொன்னேனே, அவள் தான் இவள்.

"ஆச்சு, சொல்லியாச்சு, கேட்டாச்சு," என்றாள் ரிஹோ, காப்பீட்டுக் குரலில். "வாழ்த்து சொல்லிட்டு இன்னொரு பீர் சொல்லலாமா?"

"வாழ்த்துகள், சிகுசா," என்றாள் ஃபுயுகா. "மனசார சொல்றேன். ஆனா பெரிய டீச்சர்கிட்ட ஒத்துக்கிட்டேன்னு சொல்ல மாட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒத்துக்க நீ யாருடி? அவ வயித்துக்கு உன் கையெழுத்து வேணுமா? அந்தப் பொம்பளை தன்னோட அழுக்கு வேலையை உன் தலைல கட்டியிருக்காங்க. நீயும் கிரீடம் வெச்ச மாதிரி தலையை நிமித்தி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்க."

"உனக்கென்ன தமாகி. நீ எந்த வரிசைலயும் நின்னதே இல்ல. நடக்கறப்ப சும்மா இருப்ப, நடந்து முடிஞ்சப்புறம் கோவப்படுவ. எனக்கு 'ரெண்டு பேர் இருக்காங்க'ன்னு அவங்க சொன்னப்ப நீ பக்கத்து நாற்காலில தான் உக்காந்திருந்த."

என் வாயில் சிகுசாவின் கணவாய் இருந்தது; மென்று விழுங்கினேன்.

"நான் ஒத்துக்கிட்டா என்ன ஆகும், யோசிச்சியா?" ஃபுயுகாவின் குரல் உயரவே இல்லை. "வரிசைன்னு ஒண்ணு இல்லேன்னு ஆயிடும். யாரு வேணா எப்ப வேணா போகலாம், ஒரு டப்பா இனிப்பு போதும்னு ஆயிடும். அப்ப நான் எதுக்குக் காத்திருந்தேன்? எங்களுக்கு அப்ப ஆசை இருந்துச்சு. பேரு கூட யோசிச்சு வெச்சிருந்தோம். முன்னாடி ரெண்டு பேர்னு சொன்னாங்க, மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டேன். வருஷக்கணக்கா. முறை வந்துச்சு, நிறுத்தினேன். இப்ப வர மாட்டேங்குது. மாசா மாசம் காலை மீட்டிங் முடிஞ்சதும், 'ஃபுயுகா டீச்சர், ஏதாவது விசேஷம் உண்டா'ன்னு எல்லார் முன்னாடியும் கேக்கறாங்க. பார்சல் வந்துச்சான்னு கேக்கற மாதிரி. இல்லேன்னு சொல்றேன். 'பாவம், மார்ச் வரைக்கும் இருக்கே'ங்கறாங்க." அவள் பீர்க் கோப்பை காலியாக இருந்தது. காலிக் கோப்பையையே தூக்கிக் குடித்தாள். "அந்த வரிசை நெசமா இருந்தாத் தான் நான் பண்ணினது நியாயம். இல்லேன்னா நான் வெறும் முட்டாள். அதை நானே எப்படிடி போய் ஒத்துக்குவேன்?"

ரிஹோவிடம் இதற்குக் காப்பீடு எதுவும் இல்லை. நான் சுவரில் தொங்கிய மீன் பெயர்ப் பட்டியலைப் படித்தேன். ஃபுயுகா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என் படிப்பு முழுவதையும் கூப்பிட்டுப் பார்த்தேன். அது வரவில்லை. இந்த ஏற்பாட்டின் அழகே இது தான். பெரிய டீச்சர் வீட்டில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருப்பார்; இங்கே நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கிழித்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஞாயிறு விடுமுறைக்கு முந்தைய நாள், சொந்தக் காசில்.

அப்போது தாள் கிழியும் சத்தம் கேட்டது.

சிகுசா பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, சுற்றியிருந்த தாளைப் பிய்த்து, ஒரு யோகான் கட்டியை எடுத்து, வெள்ளித் தாளை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துக்கொண்டிருந்தாள். யோகானைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, மரக்குச்சியால் குத்தி, பச்சைத் தேநீரோடு ஒரு விள்ளல் சாப்பிடுவார்கள். அவள் முழுக் கட்டியையும் கையில் பிடித்து நுனியைக் கடித்தாள். பல் தடம் பதிந்தது. மென்றாள். மறுபடி கடித்தாள்.

"சிகுசா," என்றேன்.

"பசிக்குது," என்றாள். வாய் நிறைய இருந்ததால் அது வேறு எதுவோ போல வெளியே வந்தது. விழுங்கினாள். "மதியத்துலேர்ந்து சாப்பிடல. பயத்துல. இங்க வந்து மூணு தட்டு மீனைக் கண்ணால பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அது எனக்குக் குடுத்த பொட்டி," என்றாள் ஃபுயுகா.

"நீ தான் ஒத்துக்கலையே. அப்ப மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கறேன்." இன்னொரு கடி. "நீ சொல்றது சரி. நீ ஏன் ஒத்துக்கணும்? உன்னைக் கேக்க வந்ததே தப்பு. அவங்க சொன்னாங்கன்னு உங்கிட்ட வந்து தலையை முட்டிட்டேன் பாரு, அதுக்கு வேணா மன்னிப்பு கேக்கறேன். வயித்துக்கு இல்ல."

கல்லூரியில் நாலு வருடமும், வேலையில் இத்தனை வருடமும் சிகுசா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நெற்றியில் பாய் பதிந்த கோடு இன்னும் அழியவில்லை.

"அப்ப திங்கக்கிழமை?" என்றாள் ரிஹோ.

"போய், ஃபுயுகா ஒத்துக்கல, ஆனா கோடையில விடுப்புல போறேன்னு சொல்லிடுவேன். நானா வேலையை விட மாட்டேன். போகச் சொன்னா, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்பேன்."

எழுத மாட்டார். எங்கள் மூவருக்கும் அது உடனே தெரிந்தது. நான் ஏணி மேல் ஏறி ஒட்டிய சுவரொட்டிக்குக் கீழே உட்கார்ந்து அப்படி ஒரு வரியை எந்தப் பெரிய டீச்சராலும் எழுத முடியாது. இத்தனை வருடம் எல்லோரும் வாய் வார்த்தைக்குத் தான் மாத்திரை விழுங்கியிருக்கிறோம். பட்டம் வாங்கிய நான் இதை முதலிலேயே யோசித்திருக்கலாம். நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், நேரம் இல்லை.

"நானும் கூட வரேன்," என்றேன்.

"நீ வந்தா சண்டை போடுவ."

"பக்கத்து நாற்காலில உக்காருவேன். இந்தத் தடவை வாயைத் திறந்து வெச்சிக்கிட்டு."

ஃபுயுகா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சிகுசாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோகான் பாதிக்கு வந்திருந்தது. இனிப்பு தொண்டையை அடைத்து சிகுசாவுக்கு விக்கல் வந்தது. ஃபுயுகா கையைத் தூக்கினாள்.

"அண்ணே, புரி மீனும் முள்ளங்கியும் வேகவெச்சது ஒண்ணு. சாதம் ஒரு கிண்ணம். சூடா தண்ணி."

"சாதம் இப்பவேவா?" என்றார் கடைக்காரர். சாதம் கேட்டால் எழுந்து போகப் போகிறோம் என்று அர்த்தம். "இன்னும் சரியாக் குடிக்கவே ஆரம்பிக்கலையேம்மா."

"இப்பவே. நல்லா வெந்திருக்கணும். ஓரத்துல கூட பச்சையா இருக்கக் கூடாது."

கிண்ணம் ஆவி பறக்க வந்தது. ஃபுயுகா அதைத் தன் பக்கம் இழுத்து, குச்சியால் மீனைப் பிரித்து, முள் எடுக்க ஆரம்பித்தாள். காப்பகத்தில் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு எடுப்பது போலவே. ரிஹோ படம் எடுக்கவில்லை.

"பெரிய டீச்சர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்வ?" என்று நான் தான் கேட்டேன்.

"ஒத்துக்கலைன்னு தான்." ஒரு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். "அப்புறம், இனிமே மாசா மாசம் எங்கிட்ட எதையும் கேக்க வேணாம்னு சொல்வேன். வந்தா நானே சொல்றேன். வரலேன்னா அது அவங்க விஷயம் இல்ல." இன்னொரு முள். "அதை எப்படிச் சொல்லணும்னு எனக்கு இன்னும் தெரியல."

ஃபுயுகா முள் எடுத்து முடித்து, கிண்ணத்தைச் சிகுசாவுக்கு முன்னால் நகர்த்தி, அவள் கையிலிருந்த பாதி யோகானைப் பிடுங்கித் தாளில் வைத்தாள்.

"நான் இன்னும் ஒத்துக்கல."

"தெரியும்," என்றாள் சிகுசா, சாதக் கிண்ணத்தைத் தூக்கியபடி. "அந்தப் பெரிய முள்ளங்கியை இந்தப் பக்கம் தள்ளு."